ஐந்து முறை வந்த முதலாம் செவ்வாய்

எட்டாம் வகுப்பின் இரண்டாம் தவணையில் ஐந்து பாடங்களில் பெயிலானேன். எனக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் என்னால் இருக்கவே முடியாது. ஆசிரியை பலகையில் எழுதுவார்; நான் அவரது சேலைக் கரையில் கொடி எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். கொப்பி, பேனை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் தொலையும்.

அப்பா கொழும்பு புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "அடுத்த தவணையும் இப்படின்னா போதும் புள்ள. சித்தி கூடச் சேர்ந்து வீட்டு வேலைக்குப் போ" என்றார். அன்று நான் அழுதது ஆண்டவருக்குத் தெரியும்.

கொச்சிக்கடைக் கோயில் அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் நேர்ந்துகொண்டேன். என்னை அசையாமல் இருக்க வையும் என்பதே மன்றாட்டு. முழங்காலில் அசையாமல் நின்று நவநாள் செபத்தை முடித்தால்தான் அது ஒரு செவ்வாய் என்று நானே சட்டம் போட்டேன். பாதியிலேயே கண் மெழுகுதிரிகளை எண்ணப் போய்விடும். மறுவாரம் திரும்பவும் ஒன்றிலிருந்து.

"இது எத்தனாவது செவ்வாய்?" என்று அம்மா கேட்டார்.

"முதலாவது."

"போன வாரமும் முதலாவதுதானே? அந்தோனியாருக்கே கணக்குத் தப்பிடும்டி!"

அது போர்க்காலம். ஐந்தாம் வாரம் ஆமிக்காரர் பாதையை மறித்துச் சோதனை. பஸ் இல்லை. முகத்துவாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தோம். கோயிலுக்குப் பிந்திவிடுவோம் என்று அம்மாவுக்குப் பயம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நடந்துகொண்டே செபப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். சோதனை வரிசைக்கு வருமுன் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டேன். ஒரு வரியும் தவறவில்லை. இது என்ன புதுமை? கால் நடக்க, மனம் ஓரிடத்தில் நின்றது.

மறுநாளே பரீட்சித்துப் பார்த்தேன். வரலாற்றுக் கொப்பியோடு முற்றத்தில் நடந்தேன்.

"என்னடி, ஆமிக்காரன் மாதிரி காவலுக்கா நடக்கிற?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். சிரிக்கட்டும். படித்தது மனதில் நின்றது.

மூன்றாம் தவணையில் எல்லாப் பாடமும் பாஸ். அப்பா ரிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல உன் பேரு எங்க இருக்கு?" என்றார். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார். பிறகு, "அடுத்த வருசத்துக்கு நல்ல பை ஒண்ணு வாங்கணும்" என்றார்.

என் கவனம் இப்படிச் சிதறுவதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் இருப்பதைப் பல்கலைக்கழகம் போன பிறகே ஒரு டொக்டர் சொன்னார். இன்றும் என்னால் அசையாமல் இருக்க முடியாது. நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. ஆனாலும் என் படிப்பைக் காத்தார். எப்படி என்று யோசிக்க யோசிக்க ஆச்சரியமாகவே இருக்கிறது. அவருக்கு நன்றி.

உங்கள் வீட்டிலும் இருப்புக் கொள்ளாத பிள்ளை இருந்தால் அடிக்காதீர்கள். செபத்துக்குக் கூட்டி வாருங்கள். நடுவில் எழுந்து நடந்தால் நடக்கட்டும். ஆண்டவர் கோபிக்கமாட்டார்.