அக்கா மிதந்த சாயங்காலம்

2005-ஆம் வருடக் கோடையில், மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் நிஜமாக நடந்ததா, கனவில் கண்டதா என்று ஒரு நிமிடம் எனக்கே குழப்பம் வரும். நல்லவேளை, சாட்சிக்கு அக்கா இருக்கிறாள்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போகாமல் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நிற்க வராது. உட்கார வைத்தால் சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும். வலது கை எப்போதும் மூடியே இருக்கும். பேச்சு குழறும், அம்மாவுக்கும் எனக்கும்தான் முழுசாகப் புரியும். ஆனால் அந்த வாய் இருக்கிறதே! எந்த வீட்டில் என்ன குழம்பு என்று படுத்தபடியே சொல்வாள். கூடவே, "உப்பு பத்தாது" என்று குறையும் சொல்வாள். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. ஆனாலும் வீட்டு அதிகாரம் மொத்தமும் அக்கா கையில்தான்.

அதற்கு முந்தின டிசம்பரில்தான் சுனாமி வந்தது. எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். ஜனங்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது அம்மா அக்காவை முதுகில் போட்டுக்கொண்டாள், நான் பின்னால் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டேன். ரோடு வரைக்கும் அப்படியே ஓடினோம். நடுவில் அம்மா தடுக்கி விழுந்து, முட்டி பிசகி, மறுபடி எழுந்து ஓடினாள். தண்ணீர் எங்கள் இடுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. வழி நெடுக அக்கா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எறக்கி வுட்டுட்டு ஓடுங்க. எறக்குமா. எறக்கு."

அன்றைக்கு அதை யார் காதில் வாங்கினார்கள்! உயிர் தப்பியதே பெரிசு. மூன்று பேரும் பிழைத்தோம், வீட்டுச் சுவரும் பாதி பிழைத்தது.

அதற்குப் பிறகு அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஊட்டினால் நாலு வாய் வாங்குவாள், ஐந்தாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொள்வாள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். கடலைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் மந்திரித்து மணிக்கட்டில் கயிறு கட்டினார்கள். கயிறுதான் நாளாக நாளாகத் தளர்ந்து முழங்கை வரை ஏறியது. குளிப்பாட்டும்போது எலும்பு எலும்பாக என் கையில் தட்டும். முதுகில் புண் வர ஆரம்பித்தது. இப்படியே போனால் மழைக்காலம் வரை தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் ஊட்டிக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னாதான்டி உன் பிரச்சன?" என்று கத்திவிட்டேன்.

அவள் வாசலில் போய்க்கொண்டிருந்த அம்மாவின் காலைப் பார்த்தாள். அம்மா அப்போதும் முட்டியில் துணி கட்டிக்கொண்டு விந்தி விந்திதான் நடந்தாள்.

"கனம் கொறையட்டும்டி. அடுத்த தபா தூக்கறதுக்கு ஈசியா இருக்கும்."

பிசைந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் அழுதாள். எத்தனை கெஞ்சினோம், எத்தனை சத்தியம் செய்தோம்! அக்கா பிடித்த பிடியை விடவில்லை.

கடலோரத்து வீட்டில் அவளைத் தனியாக விட்டுப் போக அம்மாவுக்குப் பயம். அதனால் தினமும் மீன்பாடி வண்டியில் படுக்க வைத்து உப்பளத்துக்குத் தள்ளிக்கொண்டு போவோம். அங்கே கீற்றுக் கொட்டகையில் சாய்ந்தபடி, வெள்ளை வெள்ளையாய் நிற்கும் உப்புக் குவியல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அங்கே வேலை செய்பவர்களுக்குக் குடிதண்ணீர் சுமந்து கொடுப்பேன்.

கொட்டகைக்குப் பக்கத்தில், உப்பு விளைகிற பாத்திகளுக்குப் பாய்ச்சுவதற்காகக் கடுத்த உப்புத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய பாத்தி ஒன்று உண்டு. தொடை வரைக்கும் ஆழம். ஒரு மத்தியானம் குடத்தோடு அதன் வரப்பில் போனவள், கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். விழுந்தவள் முழுகவேண்டியதுதானே? இல்லை. கட்டை மாதிரி மேலே வந்து மிதந்தேன். ஒரு காலை ஊன்றப் போனால் இன்னொரு கால் தூக்கிக்கொள்கிறது. பாவாடை ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம். வேலை செய்த பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு நடுவே விக்கல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அக்கா! ஐந்து மாதத்துக்கு அப்புறம் அக்கா சிரிக்கிறாள்.

"நீ ஏன்டி முழுவல?" என்றாள், சொட்டச் சொட்டப் போய் நின்ற என்னிடம்.

"இந்தத் தண்ணில யாருமே முழுவ முடியாது. உப்பு தூக்கி வுட்டுடும்."

"நான் கனம்டி."

"யானையப் போட்டாலும் மெதக்கும்."

பாத்திப் பக்கம் கண்ணைத் திருப்பினாள். "அப்ப என்னப் போடு."

அம்மா கூடவே கூடாது என்றாள். அதில் நியாயம் இருந்தது. திடுக்கிட்டால் அக்காவின் உடம்பு விறைத்து, கழுத்து பின்னால் சரியும். அந்தத் தண்ணீர் ஒரு வாய் தொண்டைக்குள் இறங்கினால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. உப்பளத்து மேஸ்திரியும் கையை விரித்தார். "உப்புத் தண்ணில மனுசாள எறக்குனா மொதலாளி என்னை ஊறுகா போட்டுடுவாரும்மா." ஆனால் அக்கா அன்றைக்கு அந்த நாலு வாய்கூட வாங்கவில்லை. "போடு" என்ற ஒரே சொல்தான். கடைசியில் அம்மா என்னைப் பார்த்தாள், நான் மேஸ்திரியைப் பார்த்தேன், மேஸ்திரி ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

வேலை முடிந்த சாயங்காலம். அக்காவின் புண்களில் தேங்காய் எண்ணெய் தடவினோம். கழுவிவிட நல்ல தண்ணீர் இரண்டு குடம் வரப்பில் வைத்தோம். அம்மா கழுத்தையும் தலையையும் தாங்க, நான் இடுப்பையும் காலையும் தாங்க, மெதுவாக இறங்கினோம்.

நாளெல்லாம் காய்ந்த தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா பலகை மாதிரி விறைத்துப் போனாள். பற்கள் கிட்டிக்கொண்டன. எனக்கு உயிரே இல்லை. "தூக்கிடலாம்மா" என்றேன். அம்மா அக்காவின் முகத்தின்மேல் குனிந்தாள். குழந்தையிடம் பேசுவது போல, அர்த்தமே இல்லாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் எப்போது என்று தெரியாது, என் கையில் இருந்த கால்கள் இளகின. நான் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாத மாதிரி ஆகிவிட்டது. கையை எடுத்தேன். அக்கா அங்கேயே இருந்தாள். வானம் மேலேயும் இருந்தது, தண்ணீரிலும் இருந்தது. உப்புக் குவியல்கள் எல்லாம் லேசாகச் சிவந்து, தலைகீழாகவும் நின்றன. எங்கேயோ போகிற பறவைகள் அக்காவுக்குக் கீழேயும் பறந்து போயின. காற்றுகூட இல்லை. மூடியே இருந்த அவள் வலது கை, தண்ணீருக்கு மேலே கொஞ்சமாக விரிந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஊர், உலகம் எல்லாம் விட்டு எங்கோ வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அம்மா," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "கனக்குறேனா?"

அம்மா ஒரு கையை எடுத்திருந்தாள். இன்னொரு கையிலும் ஒரே ஒரு விரல்தான் அக்காவின் பிடரிக்கு அடியில் இருந்தது.

"ஒரே வெரல்லதான்டி புடிச்சினு இருக்கேன்."

அக்கா சிரித்தாள். "அப்ப அடுத்த தபா அல வந்தா, என்ன இங்க கொண்டாந்து வுட்டுட்டு நீங்க ஓடுங்க."

அவ்வளவுதான். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ!

"வுடமாட்டேன்டி. எத்தினி அல வந்தாலும் தூக்கினுதான் ஓடுவேன். நீ எவ்ளோ கனமா இருந்தாலும் தூக்குவேன். எலும்பத் தூக்கறதுக்கா உன்னப் பெத்தேன்? உன்னால என் கால் போவல. நீ சாப்டாமக் கெடந்தா அதுலதான்டி நான் போயிடுவேன்."

அக்கா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது, அதுவும் உப்புத்தான்.

வெளியே தூக்கியதும் அவள் கை பழையபடி மூடிக்கொண்டது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. புண்ணெல்லாம் எரிகிறது என்று என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி நெத்திலிக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை, ஐந்தாவது வாயும் வாங்கினாள், ஆறாவது வாயும் வாங்கினாள். "இன்னும் கொஞ்சம் போடு. உப்பு பத்தல" என்றாள். அம்மா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா இப்போது இல்லை. எனக்குக் கல்யாணமாகி, அக்கா என்னோடு இருக்கிறாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள், நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். காலையில் குளிப்பாட்ட அவளைத் தூக்கும்போது என் இடுப்பு விட்டுப்போகும். அது தெரிந்துகொண்டே, "கனக்குறேனா?" என்று குறும்பாகக் கேட்பாள்.

"கனக்குற. ரொம்பக் கனக்குற" என்று மூச்சு வாங்கச் சொல்வேன். இந்தக் கனம் என் கையில் இருக்கிறவரை, வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் தினமும் அவளைத் தூக்குகிறேன்.