கொல்கேயின் கூந்தல்

கொல்கே என்ற அந்த மலைக்காரி மூன்று இழப்புகளைப் பல்லைக் கடித்துத் தாங்கிவிட்டாள். ஸ்பானியர்கள் அவள் வீட்டைக் கொளுத்தி, கோயில் மணி கேட்கும் புது ஊரில் அடைத்தார்கள். தலையில் நீரூற்றி இசபெல் என்று பெயர் மாற்றினார்கள். கணவன் வில்காவைப் பாதரசச் சுரங்கத்துக்கு இழுத்துப் போய்ப் பிணமாகத் திருப்பித் தந்தார்கள்.

நான்காவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வில்காவைக் கோயில் தரைக்கடியில் புதைத்துவிட்டார் பாதிரியார். அவர்கள் குலத்தில் செத்தவர்கள் மலைக்குகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டுதோறும் புதுத்துணி, சோளக்கள் உண்டு. மண்ணுக்குள் போட்டால் மூச்சு முட்டும்.

திருவிழாவன்று, ஊரும் பாதிரியாரும் பவனியில் இருந்தபோது, பட்டப்பகலில் மண்வெட்டியோடு கோயிலுக்குள் நுழைந்தாள். கூடவே கொழுந்தன் யாவ்ரி.

"அண்ணி, பாதிரி சாமி பாத்துட்டா நம்மளையும் இதே குழியில போட்டு மூடிருவாரு."

"அப்ப கொஞ்சம் தள்ளிப் படு. உங்க அண்ணன் குறட்டை விடுவாரு."

சிரித்தவள், குழியிலிருந்து உடலைத் தூக்கிய கணம் விம்மினாள். பாதரசம் தின்ற உடம்பு. ஒரு கட்டு விறகின் கனம்கூட இல்லை! போர்வையில் சுற்றி, மேலே சோளத்தட்டையை அடுக்கி, முதுகில் கட்டிக்கொண்டு பவனியின் ஓரமாகவே நடந்தாள். பார்த்த மத்தளக்காரன் இன்னும் ஓங்கி அடித்தான்.

மூன்றாம் நாள் கோயில் தரை அமுங்கி, குழி காலி என்று தெரிந்துபோனது. அவளைச் சதுக்கத்துக்கு இழுத்து வந்தார்கள்.

"பிணம் எங்கே?" என்றார் பாதிரியார்.

"பிணமா? என் புருஷனைக் கேக்குறீங்களா சாமி? நல்லா இருக்காரு. காத்து வர்ற எடத்துல."

"முடியை வெட்டு!"

இடுப்பைத் தொடும் கூந்தல் கொத்துக்கொத்தாக விழுந்தது. அந்த மலைகளில் உதிர்ந்த ஒரு முடியைக்கூடப் பெண்கள் எறிவதில்லை. எறிந்தால், செத்தபின் உயிர் அதைத் தேடி அலையும். இது தெரிந்துதான் வெட்டச் சொன்னார் அவர்.

"இப்பவாவது சொல்லு."

"கழுத்தையும் வெட்டிப் பாருங்க. வாய் அப்பவும் சொல்லாது."

மண்டியிட்டு ஒவ்வொரு இழையாகப் பொறுக்கத் தொடங்கினாள். அவள் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்பது பாதிரியாருக்குத் தெரியும்: கணவனின் காலடியில். இரண்டு காவலர்களுக்கு ஜாடை காட்டினார், பின்தொடரச் சொல்லி.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்து அவளருகே குனிந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் சதுக்கத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும்!

"எந்திரி அக்கா, உன் ஒரு மசுரைக்கூட இங்க விட மாட்டோம்."

ஆளுக்கொரு பிடி மடியில் முடிந்துகொண்டார்கள். நாற்பது பெண்கள் நாற்பது மலைப்பாதைகளில் பிரிந்து ஏறினார்கள். கொல்கேயோ வெறுங்கையோடு, மொட்டைத்தலையை நிமிர்த்தி, பாதிரியாருக்கு எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

எவள் பின்னால் ஓடுவது என்று தெரியாமல் காவலர்கள் இருவரும் விழித்துக்கொண்டு நின்றார்கள்.