மிதிக்கக் கூடாத துணி

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தையல் கடை. தைத்து மிஞ்சிய துணியை நாடா நாடாவாகக் கிழித்து, கடைக்காரம்மா குரோஷா ஊசியால் வட்டமாகக் கால்மிதி பின்னுகிறார். செங்கல்பட்டு பஸ் இன்னும் வரவில்லை. ரவிக்கைத் துணிக் கால்மிதிகள் எனக்குப் பிடிக்கவில்லை. பளிச்சென்று இருக்கும் ஒன்றை எடுக்கிறேன்.

“அது கால்மிதி இல்ல சார். சூடான பாத்திரத்துக்கு அடில வெக்கறது.”

“கால்ல போட்டா என்ன?”

“எலெக்‌ஷனுக்குத் தெச்ச கொடித்துணி சார். போன தபா கால்மிதிதான் போட்டேன். எதுத்த வூட்டுக்காரரு, ‘எங்க கட்சிய மிதிக்க வெக்கறியா’ன்னு சண்டைக்கு வந்துட்டாரு.”

“சூடு வெச்சா பரவாயில்லையா?”

ஊசி நிற்கவில்லை.

“அவரு சம்சாரமே ரெண்டு வாங்கினு போச்சி. தெனம் கொதிக்கிற சோத்துப்பானை அதும்மேலதான் குந்திகினு கீது.”