உப்புப் போட்ட வண்டி

போன வாரம் சேலத்தில், நான் வழக்கமாகச் சாப்பிடும் ஹோட்டலில், ஆம்லெட்டுக்கு உப்புப் பற்றவில்லை என்று டப்பாவைக் கவிழ்த்தேன். மூடி கழன்று மொத்த உப்பும் தட்டில் கொட்டிவிட்டது. பழைய பிளாஸ்டிக் தட்டு. கரும்பச்சை. கழுவிக் கழுவி ஓரமெல்லாம் கீறி வெளுத்தது. அந்தப் பச்சையின் மேல் உப்பு சிதறிக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குப் பசி போய்விட்டது. பரிமாறுகிறவர், "வேற தட்டு வெக்கட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். ஒரு பிடி உப்புக்குப் பயந்தவன் என்று நினைத்திருப்பார். நினைத்தால் தப்பில்லை.

அது ராணுவ லாரியின் பச்சை. எனக்கு அந்தப் பச்சையைக் கலக்கத் தெரியும். ஆலிவ் பச்சையில் துளி கறுப்பும் கொஞ்சம் பழுப்பும் சேர்க்க வேண்டும்.

படிப்பு முடிந்து, ஏற்காடு மலையில் வாழவந்தி ஊரில் எங்கள் வீட்டிலிருந்தபடி ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு உதவியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவன் சாயங்காலம் என்ன செய்ய வேண்டும்? அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். நான் பிளாஸ்டிக் லாரிக்குச் சக்கரம் ஒட்டிக்கொண்டிருந்தேன். யாராவது பொம்மை என்றால் கோபம் வரும். 'மாடல்' என்று திருத்துவேன். ராணுவ ஜீப், பீரங்கி வண்டி, லாரி எல்லாம் ஒரு சாண் நீளத்தில், திருகாணி முதற்கொண்டு அளவு பிசகாமல் இருக்கும்.

ஒட்டிப் பெயின்ட் அடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அடித்த பெயின்டைக் கெடுப்பது. சண்டைக்குப் போகிற வண்டி ஷோரூம் வண்டி மாதிரி இருக்குமா? கதவோரம் துரு வேண்டும், படியில் பூட்ஸ் தேய்த்த இடம் வேண்டும், சைலன்சரில் கரி வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பழுப்பில் தொட்டு ஒற்றினால் பெயின்ட் உரிந்த மாதிரி இருக்கும். மிளகுக் கொடிக்கு அடியிலிருந்து செம்மண் எடுத்து வேட்டித் துணியில் சலித்துப் பூசினால் புழுதி. எல்லாம் மொபைலில் வீடியோ பார்த்துக் கற்றதுதான்.

பார்சல்காரர்கள் எங்கள் ஊர்வரை வரமாட்டார்கள். ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருந்த பாய் விலாசத்துக்குத்தான் எல்லாம் வரும். அவருக்கு என்னைப் பார்த்தால் ஒரே சிரிப்பு.

"ஏந்தம்பி, ஊரே துருவை மறைக்கறதுக்கு எங்கிட்ட பெயின்ட் வாங்குது. நீ ஒருத்தன்தான் துரு வேணும்னு வந்து நிக்கிற. உங்கம்மா ஒண்ணும் கேக்கறதில்லையா?"

"கேக்குமுங்க பாய். புதுசை வாங்கிப் பழசாக்கறதுக்கா உன்னைய படிக்க வெச்சேன்னு."

"சரியாத்தானே கேக்குது!"

ஆனால் அந்த லாரி வந்தபிறகு அம்மா அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். காரணம் அண்ணன். அண்ணன் பத்தாவதோடு நிறுத்தி, லாரி ஓட்டப் பழகி, ராணுவத்தில் டிரைவராகப் போனவன். வடக்கே எங்கோ பனிமலையில் வேலை. எங்கே என்று அவன் சொல்லமாட்டான், நாங்களும் கேட்கமாட்டோம். தன் வண்டி முன்னால் நின்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அம்மா சேர்வராயன் கோயிலில் வைத்துக் கும்பிட்டு, காசு முடிந்து கொடுத்த மஞ்சள் துணி பம்பருக்கு உள்பக்கம் தெரிந்தது. அதிகாரி கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தான்.

நான் அந்தப் போட்டோவைப் பார்த்தே பச்சை கலந்தேன். ராணுவ வண்டிக்கே உரிய அம்புக்குறியோடு நம்பர் பிளேட் எழுதினேன். நூலளவு மஞ்சள் துணியையும் பம்பரில் கட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பார்த்தவுடனே, "இது உங்கண்ணன் வண்டியல்லோ!" என்றாள். அதற்கப்புறம் அதைத் தரையில் வைக்க விடவில்லை.

அந்த ஐப்பசியில் மூடுபனி விலகவே இல்லை. ஞாயிறு தவறாமல் வரும் அண்ணன் போன் நின்றுபோயிருந்தது. நான் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. போன் என்னிடம்தான் இருந்தது. யார் என்ன சொன்னாலும் நான் கேட்டுச் சொன்னால்தான் அம்மாவுக்குச் சேதி. "அங்க டவர் இருக்காதும்மா, ஒண்ணும் இல்ல" என்பேன். அவளும் சரி என்று சாமை புடைக்கப் போய்விடுவாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது. கைக்கு வேலை கொடுக்கலாம் என்று லாரியை எடுத்தேன்.

துருவுக்கு ஒரு வித்தை உண்டு. வேண்டிய இடத்தில் துரு நிறம் பூசி, ஈரத்தோடு உப்புத் தூவிக் காயவைக்க வேண்டும். மேலே பச்சை அடித்து, பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால், உப்பு இருந்த இடத்தில் மட்டும் பச்சை வராது. உள்ளே இருக்கும் துரு தெரியும். ஆனால் எங்கள் ஊர்ப் பனியில் டப்பாவுக்குள் இருக்கும் உப்பே கசிந்துவிடும். வண்டி மேல் போட்டது எங்கே காயும்? அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைக்கப் போனேன். அங்கே முறத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இடமில்லை. மிளகாயைக் கொஞ்சம் ஒதுக்கி, முறத்துக்குள்ளேயே லாரியை வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். உப்பும் மிளகாயும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் வந்தபோது அடுப்பு எரியவில்லை. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணனுக்கு என்னாச்சு சாமி?"

"ஒண்ணும் இல்லைம்மா. ஏன்?"

"எனக்குப் படிப்பில்ல. கண்ணு தெரியுமல்லோ. அவன் வண்டிக்கு உப்பும் மொளகாயும் வெச்சிருக்கறயே."

"அய்யோ, அது துரு வர்றதுக்கும்மா!"

"ஓடற வண்டிக்கு எதுக்குடா துரு? நான் செவ்வாக்கெழமைக்குச் செவ்வாக்கெழமை சுத்திப் போட்டா, படிச்சவன்னு சிரிப்ப. சிரிக்கற நீயே திருஷ்டி கழிச்சிருக்கறீன்னா நெலம நொம்ப மோசம்னுதானே? சொல்லு கண்ணு. நான் தாங்கிக்குவேன்."

வாய்ப்பேச்சு போதாது, செய்தே காட்டிவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது. அடுப்பை மூட்டினேன். அவள் முன்னாலேயே பச்சை அடித்தேன், அனலில் காட்டினேன், ஈரப் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தேன். கதவிலும் பானெட்டிலும் பச்சை பொத்தல் பொத்தலாக விட்டு, உள்ளேயிருந்து துரு ரணம் மாதிரி எட்டிப் பார்த்தது. சொன்னால் வெட்கம், வீடியோவில் பார்த்ததைவிட அருமையாக வந்திருந்தது. "பாத்தியாம்மா?" என்று நிமிர்ந்தேன். அவள் என் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கி முந்தானையில் மூடிக்கொண்டாள்.

மறுநாள் அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சாமி இருக்கும் குகைக்குள் வைத்துக் கும்பிட்டு, விபூதி பூசிக் கொண்டுவந்தாள். அப்புறமும் நாட்கள் போயின. அவள் சோற்றைப் பிசைவாள், சாப்பிட மாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு ஒன்றுமே தெரியாது. அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொன்னால் நம்புவாள் என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "நல்லாத்தானிருக்கேன், டவர் இல்ல" என்றான் அண்ணன்.

"வண்டி நல்லாருக்குதா சாமி?" என்றாள் அம்மா.

அவன், "ஹலோ, ஹலோ" என்றான். லைன் கோளாறு என்று நினைத்தேன். "வண்டிக்கென்னம்மா, நல்லாருக்கு" என்றான்.

தைக்கு லீவில் வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இடது காலை இழுத்து வைத்தான். ஐப்பசியில் பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. போன் வராத நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். "உங்களை எதுக்குப் பயமுறுத்தோணும்னுதான்" என்றான். அம்மா அவன் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அவன் கண்ணில் லாரி பட்டது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேய், மண்ணு தப்புடா. அங்க ஏது செம்மண்ணு? எல்லாம் சாம்பக் கலரு" என்று சிரித்தான். பிறகு கதவின் மேல் விரல் வைத்தவன் சிரிப்பை நிறுத்தினான். "ஆனா கதவு இப்படியேதான்டா உரிஞ்சிருந்துச்சு."

அம்மா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"சத்தியமா தெரியாதும்மா."

"அவனுக்கு எப்படிம்மா தெரியும்? நான் சொன்னாத்தானே" என்றான் அண்ணன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். இன்றுவரை அவளுக்கு நான் தெரிந்தே மறைத்தவன்தான்.

இப்போது நான் சேலத்தில் வேலையில் இருக்கிறேன். அண்ணன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, ராணுவத்திலேயே ஸ்டோர் பார்க்கிறான். இன்னமும் மாடல் செய்கிறேன், ஆனால் துரு வைப்பதில்லை. எல்லாம் பளபளவென்று இன்றைக்கு வாங்கிய மாதிரி நிற்கும். பாய், "இப்பத்தான் தம்பி உருப்பட்டிருக்க" என்கிறார்.

அம்மா தனியாக ஒரு போன் வாங்கிக்கொண்டாள். முகம் தெரிகிற மாதிரி கூப்பிடவும் பழகிவிட்டாள். அண்ணனைக் கூப்பிட்டால் முதலில், "எந்திரிச்சு நடந்து காட்டு" என்பாள். அவன் அந்தக் குளிரில் நடந்து காட்டுவான். என்னிடமும் அதேதான். "ஒண்ணும் இல்லைம்மா" என்று நான் சொன்னால் போதும், சாமை புடைக்கப் போய்விடும் அம்மா ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அவளை அந்த ஐப்பசிக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஹோட்டலில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. அம்மாதான். எடுப்பதற்கு முன்னால் பச்சைத் தட்டை மேசையின் அந்த ஓரத்துக்குத் தள்ளினேன். சிந்திய உப்பைக் கையால் கூட்டித் தண்ணீர் டம்ளருக்குள் போட்டேன். அப்புறம் எழுந்து, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே கைகழுவும் இடம்வரை நடந்து காட்டினேன்.

"திரும்பி வா" என்றாள்.

திரும்பி நடந்தேன்.