கதவு திறந்ததோடு முடிந்த படம்

எங்கள் திரைப்பட வட்டத்தில் ஒரே ஒரு விதிதான் உண்டு. உள்ளே வருபவர் பெயரைச் சொல்லக் கூடாது, வேலையையும் சொல்லக் கூடாது. வட்டத்தைத் தொடங்கிய ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி போட்ட விதி அது. பதவி தெரிந்தால் வாய் அடங்கிவிடும், படம் பார்த்தவர் என்ற ஒரே தகுதியோடு எல்லோரும் சமமாக உட்கார வேண்டும் என்பார். குன்னூரில் ஒரு டுடோரியலின் மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் கூடுவோம். பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஆணியடித்த ஒரு வெள்ளை வேட்டி, பாதிப் படத்தில் சூடேறி நின்றுவிடும் ஒரு புரொஜெக்டர். நான்கு வருடமாக அந்த விதியை மெச்சிக்கொண்டிருந்தேன். என் வீடு போனது அந்த விதியால்தான். விதியால் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். என் வாயால்தான்.

வீடு என்றால் சொந்த வீடு இல்லை. அரவேணுவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் லைனில் நான்காவது வீடு. அம்மா மட்டும் அதை இன்றைக்கும் லயம் என்பாள். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கப்பலேறி, சொந்த நாட்டுக்குப் போகிறாய் என்று சொல்லப்பட்டு, அதுவரை கண்ணால் கண்டிராத இந்த நாட்டுக்கு வந்தவள். அதைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

எஸ்டேட்டில் வீடு ஆளுக்கு இல்லை, நம்பருக்கு. வேலையாட்களின் பதிவேட்டைச் செக்ரோல் என்பார்கள். குடும்பத்தில் ஒருவருடைய நம்பராவது அதில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்பா இறந்து, அம்மாவுக்கும் ஓய்வு வயது வந்தபோது வீட்டைக் காப்பாற்ற என் பெயரைப் பதிந்தோம். எம்.ஏ. முடித்த கையோடு ஐந்து மாதம் மலையேறிக் கொழுந்து பறித்தேன். பிறகு குன்னூரில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. அன்றிலிருந்து காலையில் நான் பஸ் ஏறினேன், என் நம்பரில் அம்மா மலையேறினாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். முகத்தைப் பார்க்க வேண்டிய சூப்பர்வைசர் அப்பாவோடு வேலை பார்த்தவர். குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்வார். ஆறு வருடம் இப்படியே போனது. இதே மாதிரி இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. லைனில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை.

முந்தின இரவு தூக்கமில்லாததால் அன்று எனக்குப் படம் பார்க்கும் தெம்பே இல்லை. பையில் திருத்தாத விடைத்தாள்கள் ஒரு கட்டு இருந்தது. மழை வேறு. போகாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது எத்தனை முறை நினைத்தாலும் ஆவதொன்றுமில்லை.

போட்டது ஏதோ ஒரு குளிர் நாட்டின் அறிவியல் புனைவுப் படம். ஒரு விண்கப்பல் பல தலைமுறைகளாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அடித்தளத்து ஆட்கள் பெரிய பெரிய தொட்டிகளில் பாசி வளர்க்கிறார்கள். அந்தப் பாசி தரும் காற்றைத்தான் மேல்தளத்து ஆட்கள் சுவாசிக்கிறார்கள். கீழே இருப்பவர்களின் தலைக்கவசத்தில் ஒரு நம்பர். நம்பர் நின்றால் தங்கும் அறையும் போய்விடும், குடும்பத்தைக் கப்பலின் கடைசிக் கதவு வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். ஒருத்தியின் அக்கா இறந்துபோகிறாள். இவள் அதை மறைத்து, அக்காவின் கவசத்தை மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் வேலை செய்கிறாள். கடைசியில் பிடிபடுகிறாள். அவளும் அவளுடைய தாயும் அந்தக் கதவின் முன்னால் நிற்கிறார்கள். கதவு திறக்கிறது, வெளிச்சம் அடிக்கிறது, படம் முடிந்துவிடுகிறது.

இதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சத்தியமாக அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. நான் குறியீடு தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் அதைத்தான் தேடினார்கள். அஞ்சல் அதிகாரிக்கு மேல்தளம், கீழ்த்தளம் என்றாலே சாதிதான். பிறப்பால் தளம், தளத்தால் தொழில், வேறென்ன என்று கேட்டார். கோத்தகிரிப் பக்கத்தில் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் படுகர் ஒருவர் வழக்கமாக வருவார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாசி என்றால் பச்சைத் தேயிலை, வளர்ப்பவன் கீழே, விலை சொல்பவன் மேலே, இது சிறு விவசாயியின் கதை என்று அடித்துச் சொன்னார். கவசம் ஏன் நீல நிறம் என்பதில் இருபது நிமிடம் போனது. கதவுக்கு நாற்பது நிமிடம். வெளிச்சம் விடுதலை என்றார் ஒருவர், சாவு என்றார் இன்னொருவர். அதைச் சொல்லாமல் விட்டதுதான் இயக்குநரின் சாமர்த்தியம் என்று நான் நீளமாகப் பேசினேன். திறந்த முடிவு பார்வையாளரை மதிக்கிறது என்றேன். வகுப்பில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம். இருந்தும் நாலு பேர் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் அஞ்சல் அதிகாரி அதைச் சொன்னார்.

"எல்லாஞ் செரிங்க. ஆனா லாஜிக் இடிக்குது பாருங்க. ஒருத்தி நம்பர்ல இன்னொருத்தி இத்தன வருசம் வேலை செய்வாளாம், ஒருத்தருக்கும் தெரியாதாம். காதுல பூ சுத்தறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. தூக்கமில்லாத கோபம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு விவாதத்தில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பூவெல்லாம் சுத்தல சார். நேத்து என் நம்பர்ல எங்கம்மாதான் கொழுந்து வெட்டுனாங்க. ஆறு வருசமா அவங்கதான் வெட்டுறாங்க."

யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். வட்டத்தில் அதற்கு முன் யாருக்கும் கை தட்டியதில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

கடைசி வரிசையில் புதிதாக ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். நல்ல ஜெர்கின், மெட்ராஸ் பேச்சு. மேற்பார்வை செய்பவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். தெரியாமல் இல்லை, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறார், அந்த மனிதத்தன்மையைத்தான் இந்தப் படம் காட்டத் தவறிவிட்டது என்று விளக்கினேன். அரவேணுவுக்கு மேலே என்றேன். எங்கள் லைனில் இப்படி இன்னும் மூன்று வீடுகள் உண்டு என்றும் சொன்னேன். போகும்போது அவர் என்னிடம் வந்து, படத்தை விட நீங்கள் சொன்னதுதான் மனதில் நிற்கிறது என்றார். நன்றி சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினேன்.

அவர் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்திருந்த புதிய அசிஸ்டென்ட் மேனேஜர். வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தினமும் காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கொடுக்கும் இடத்தில், அவருக்கு அம்மா வணக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். லைனில் குழந்தைகளுக்குக்கூட அவர் முகம் தெரியும். செக்ரோலில் பெயர் இருந்தும் பெரட்டுக்குப் போகாத எனக்கு மட்டும் தெரியவில்லை. பெயரும் வேலையும் கேட்கக் கூடாது என்ற விதி வேறு. அவருக்கும் நான் யாரென்று தெரியாது.

வியாழக்கிழமை நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வேலை நாளில் அம்மா துணி துவைக்க மாட்டாள். உள்ளே போனேன். கொழுந்து வெட்டும் கத்தரியைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். காலையில் பெரிய மேனேஜரே பெரட்டுக்கு வந்து, ஒவ்வொரு நம்பருக்கும் அடையாள அட்டையையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தாராம். அம்மாவையும் இன்னும் மூன்று பேரையும் ஓரமாக நிற்கச் சொன்னார்களாம். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை அந்த இளைஞர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போனது. அம்மா பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பெரிய மேனேஜரின் பங்களாவில் சாப்பிடும்போது படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததாம். எவ்வளவு அருமையான விவாதம், இப்படிக்கூட ஒரு பெண் சொன்னாள் என்று சொல்லியிருக்கிறார். பெரிய மேனேஜர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அரவேணுவுக்கு மேலே என்றால் எந்த எஸ்டேட், எந்த லைன் என்று கேட்டாராம்.

"நான் படத்தப் பத்திதான் பேசினேன் மேடம். சத்தியமா அவ்ளோதான்."

அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். நானும் படத்தைப் பற்றித்தான் பேசியிருந்தேன்.

வந்த விஷயத்தைச் சொன்னார். திங்கள் முதல் நானே பெரட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கு மேல் தன் கையில் ஒன்றும் இல்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாவமாக இருந்தது. பாவப்படுகிறோமே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அவர் போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கை தட்டியது உட்பட. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கல்லூரி வேலையை விட்டுவிடுகிறேன், திங்கட்கிழமை நானே போகிறேன் என்றேன். அதற்குத்தான் திரும்பினாள்.

"நீ பெரட்டுல நிக்கக் கூடாதுன்னுதான் நான் இத்தன வருசம் நின்னேன். லயம் போனா போகுது."

அதற்குப் பிறகு அவளிடம் பேசிப் பயனில்லை. அறுபத்தாறு வயதில், ஒரு தோள்பட்டை தூக்கவே வராத நிலையில், அவள் எடுத்த முடிவு அது. நான் இரண்டு நாள் அழுதேன். பிறகு வாடகைக்கு வீடு தேடினேன்.

மற்ற மூன்று வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வீட்டில் மகள் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து இப்போது கொழுந்து வெட்டுகிறாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்னொரு வீட்டில் மருமகள் நிற்கிறாள். மூன்றாவது வீட்டாரும் எங்களைப் போலவே காலி செய்துவிட்டார்கள். சூப்பர்வைசரைப் பந்தலூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகும் நாளில் அவர் வீட்டுப் பக்கம் போனேன். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், குனிந்துகொண்டார். என் நம்பரை எழுதும்போது குனிவாரே, அதே மாதிரி.

வட்டத்திலிருந்து போன் வந்தது. அஞ்சல் அதிகாரி விஷயம் கேள்விப்பட்டிருந்தார். விதியை எடுத்துவிட்டோம் என்றார், மன்னிப்பும் கேட்டார். அடுத்த மாதம் என்ன படம் என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். எனக்குக் குறியீடுகள் அலுத்துவிட்டன.

வீடு கிடைப்பது லேசாக இல்லை. நல்ல அறைகளையெல்லாம் சுற்றுலா ஆட்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். கடைசியில் அரவேணுவில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை அமைந்தது. இருப்பவர்கள் காலி செய்ய எட்டு நாள் ஆகும், அதுவரை பொறுங்கள் என்றார் உரிமையாளர். எஸ்டேட்டில் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார்கள். இங்கே வெளியேறும் நாளுக்கும் அங்கே நுழையும் நாளுக்கும் நடுவில் எட்டு நாள். பாத்திரங்களைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஆட்கள் எங்கே என்பது ஆகவில்லை. பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர்.

கடைசி நாள் சாயங்காலம் இருவரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். வெளியே பனிமூட்டம் இறங்கி, எதிரே இருந்த தேயிலை மறைந்துவிட்டது. அம்மா புடவைகளை மடித்துக்கொண்டே, அந்தப் படத்தின் கதையை முழுசாகச் சொல்லு என்றாள். அத்தனை நாளில் அதைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. தொட்டி, பாசி, நம்பர், அக்காவின் கவசம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதற்கும் ஆச்சரியப்படவில்லை. தாயும் மகளும் கதவுக்கு முன்னால் நின்றதைச் சொன்னேன். கதவு திறந்தது, வெளிச்சம் வந்தது, அதோடு படம் முடிந்தது என்றேன்.

அம்மா மடிப்பதை நிறுத்தினாள்.

"கதவு தொறந்துச்சு சரி. அன்னைக்கி ராவு அதுக ரெண்டும் எங்க படுத்துச்சுக?"

அது படத்தில் இல்லை என்றேன். இல்லையென்றால் எப்படி, எங்கேயாவது படுத்திருக்கத்தானே வேண்டும் என்றாள். அந்தக் கதவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிய பதினைந்து பேரில் ஒருவருக்கும் இப்படிக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான். தெரியவில்லை அம்மா என்று சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டிக் கயிறு போட்டேன்.