முத்துலட்சுமிக்கு யோகா சொல்லிக்கொடுக்கப் போய்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்வீட்டு அம்மாள், மாடிப்படியில் என்னைப் பார்த்தால் இரண்டு கையையும் கூப்பி "நமஸ்டே" என்பார். ஒருநாள் ஒற்றைக் காலில் நின்று காட்டி, சரியாக நிற்கிறேனா என்று கேட்டார். இந்தியாக்காரி என்றால் பிறக்கும்போதே பத்மாசனம் போட்டுக்கொண்டு பிறந்திருப்பாள் என்று நினைப்பு. நான் போடிநாயக்கனூர்க்காரி. எங்களுக்கு ஆசனம் என்றால் பஸ்சு ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுப் பிடிக்கிற இடம்தான். அதைச் சொல்லுமளவுக்கு எனக்கு ஜெர்மன் போதாது. சரி என்பதற்கு நம்மூர்ப் பாணியில் தலையை ஆட்டிவைத்தேன். அவர் அதைத் தப்பு என்று எடுத்துக்கொண்டு காலை மாற்றிக்கொண்டார். இதென்னடா வம்பாப் போச்சு என்று, ஊர் மானத்தைக் காப்பாற்றவாவது கற்றுக்கொள்வோம் என ஹெல்கா என்ற ஜெர்மன்காரியின் யோகா வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்பில் கடைசியாக "ஷவாஸனா" என்பார் ஹெல்கா. அதற்காகவே காத்திருந்தவர்கள்போல எல்லோரும் பாயில் விழுவார்கள். விளக்கைக் குறைத்து, போர்வை போர்த்தி, "எண்ட்ஷ்பானுங், எண்ட்ஷ்பானுங்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே நடப்பார். உடம்பைத் தளர்த்துவது என்று பொருள். உங்கள் ஊரில் எல்லோரும் இதைச் செய்வார்களா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "ஆமாம், எல்லோரும்" என்று சொல்லிவிட்டேன்.

இந்த முறை ஊருக்குப் போனபோது, பக்கத்துக் கிராமமான சிலமலைக்கு முத்துலட்சுமியைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்வருகிறவள். போன வருடம் அவள் போன ஜீப்பு சாய்ந்துவிட்டதாகவும், லேசான அடிதான் என்றும் போனில் சொல்லியிருந்தாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஊரில் நடக்கிற கெட்டதெல்லாம் நம் காதுக்கு வரும்போது "லேசான" என்றுதான் வரும். நாமும் அப்பாடா என்று போனை வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவோம்.

நேரில் பார்த்ததும் திக்கென்றது. கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தன. ராத்திரி தூக்கமே இல்லை, தோட்டத்து வேலையையும் விட்டாச்சு என்றாள். எனக்குத்தான் வித்தை தெரியுமே. யோகா செய்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்று ஆரம்பித்தேன்.

"எனக்கெதுக்குடி யோகா? ஏலச்செடி தூர்ல நாள் பூரா குனிஞ்சே கெடந்தவ நானு. இன்னும் குனியணுமாக்கும்?"

"ஒரு தடவை செஞ்சு பாரு. பிடிக்கலைன்னா விட்டுரு."

"சொன்னா கேக்கவா போற. வெரசாச் சொல்லிக் குடு, சோலி கெடக்கு."

கதவைச் சாத்திவிட்டு, சேலையை மாற்றி நைட்டியோடு வந்தாள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள். முட்டி போட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கச் சொன்னதும், அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள். "இது நல்லாருக்குடி" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தத் தெம்பில், ஹெல்காவின் குரலிலேயே மெதுவாக, "இப்போ சவாசனம். மல்லாக்கப் படு. காலை நீட்டு. கண்ணை மூடு. அசையாமக் கெட" என்றேன்.

அவள் படுக்கவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சவமாவா படுக்கச் சொல்ற?"

எனக்குப் பொட்டில் அடித்ததுபோல் இருந்தது. இத்தனை வருடம் வாராவாரம் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். ஜெர்மன்காரி வாயிலிருந்து வந்ததால் அதற்குள் இருந்த சவம் என் காதில் விழவே இல்லை. நம் சொல்லே எனக்கு அசலூர்ச் சொல்லாகிப்போயிருந்தது.

அப்புறம்தான் நடந்ததைச் சொன்னாள். ஜீப்பு சாயவில்லை. மலைச்சரிவில் உருண்டிருக்கிறது. மயங்கிக் கிடந்தவளைத் தூக்கிவந்து ரோட்டோரம் கிடத்தியிருக்கிறார்கள்.

"முழிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் தெரியல. மூஞ்சில துணி. காலை அசைக்கப் பாத்தா அசைய மாட்டேங்குது. ரெண்டு கால் பெருவெரலையும் சேத்துக் கட்டிட்டாகடி. பக்கத்துல எங்கூடத் தோட்டத்துக்கு வர்ற பாண்டியம்மா. அவளுக்கும் கட்டியிருந்தாக. அவ முழிக்கவே இல்ல. எனக்குச் சத்தமும் வரல. யாரோ எம் மூச்சைப் பாத்துட்டுத்தான் துணிய எடுத்தாக."

அன்றிலிருந்து அவள் மல்லாந்து படுப்பதில்லை. கண் அசந்தால் கால் கட்டியிருப்பதாகத் தோன்றுகிறதாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைக்கிறாள். இவளைத்தான் கண்ணை மூடி அசையாமல் கிடக்கச் சொல்லியிருக்கிறேன். "லேசான அடின்னியேடி" என்றேன்.

"அம்புட்டுத் தூரத்துல இருக்கவகிட்டச் சொல்லி என்ன செய்ய? நீ அங்க அழுவ, நான் இங்க அழுவேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நீ படு. எப்படின்னு பாப்போம்" என்றாள். மல்லாந்து படுத்தேன். கால்மாட்டில் வந்து உட்கார்ந்தவள், "காலைச் சேத்து வைக்காத" என்று என் இரண்டு பாதங்களையும் பிரித்து வைத்தாள். நகர்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முகத்தையே பார்த்தாள். மூச்சைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"ஏண்டி, ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க வைப்பாக? அங்கயா, இங்கயா?"

எந்த பஸ்சுக்குப் போகிறாய் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். அந்த நாட்டில் எனக்கு வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, குடியுரிமை இருக்கிறது. இதை மட்டும் நான் யோசித்ததே இல்லை. என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவள் தலை என் தோளில் சாய்ந்தது. பிடித்த கையை விடாமலே, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். பட்டப்பகலில், லேசான குறட்டையோடு.

கையை உருவினால் விழித்துவிடுவாள். அங்கேயா, இங்கேயா என்று மாற்றி மாற்றி எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, கண்ணை மூடப் பயந்து, அசையாமல் கிடந்தேன்.