சித்தப்பாவின் மூன்றாவது இறுவட்டு

என் சித்தப்பாவின் முதல் இரண்டு இசை இறுவட்டுகளையும் குருநகரில் எங்கள் ஒழுங்கையின் இரு பக்க வீடுகளும் கேட்டன. ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அதற்காக எங்கள் ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். கோவில் பாடற்குழுவுக்குச் சித்தப்பா கிற்றார் வாசித்தபோது வாயார மெச்சியவர்கள்தான் அவர்கள். பாடுகிறவர்கள் இல்லாமல் கிற்றார் மட்டும் தனியே கேட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள்.

முதலாவது ரொக் இசை. அப்பா அதைப் பிளேன்ரீ குடித்துக்கொண்டே கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "நல்லாத்தான் கிடக்கு. பாடுறவன் எப்ப வருவான்?" என்றார். இரண்டாவது ஜாஸ் ஃபியூசன். அதில் சித்தப்பாவின் கூட்டாளிகள் இருவர் தங்கள் வீட்டிலேயே டிரம்சும் ஓர்கனும் வாசித்துப் பதிந்து கொடுத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று வலையை இழுத்தால் மீன் வருமோ என்பது அதைப் பற்றி அப்பாவின் கருத்து. சித்தப்பா இரண்டு தடவையும் சிரித்தார். அவருக்கு ரோசமே வராது, அல்லது வந்தாலும் காட்டத் தெரியாது.

மூன்றாவதை அவர் பதியத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அது வயரே இல்லாத பொக்ஸ் கிற்றார் மட்டும் வாசித்த இறுவட்டு. முந்திய இரண்டிலும் கிற்றாரின் வயரை நேரே கணினியில் செருகிவிட்டார். அம்மா பக்கத்தில் நின்று தேங்காய் உடைத்தாலும் பதிவில் ஏறாது. எங்களுக்குக் கேட்டதெல்லாம் கம்பியின் டிக்டிக் மட்டும்தான். காதில் இரண்டு குமிழை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டுகிற மனிதரைப் பார்த்துப் பயந்து, அம்மா ஒருநாள் அறை வாசலில் தீர்த்தம்கூடத் தெளித்துவிட்டார். ஆனால் பொக்ஸ் கிற்றாருக்கு மைக் வேண்டும். அரியாலையில் ஒரு கூட்டாளியிடம் நல்ல மைக் இருந்தது. அவர் சனிக்கிழமை கொழும்புக்கே குடிபோகிறார்; மைக்கும் அவரோடு போகிறது. ஆகவே ஒரு கிழமை இரவல். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் எட்டு மெட்டுகளும் பதிந்து முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த இறுவட்டு இல்லை.

அந்த மைக் சாதாரண மைக் இல்லை. ஆடு இலை மெல்லுவதுகூட அதற்குக் கேட்டது. அறைச் சுவர்களில் மெத்தையும் அம்மாவின் சேலைகளும் தொங்கின. ஃபான் நின்றது. இரவில் பதியலாமே என்றால், இரவில் ஒழுங்கை நாய்கள் தங்கள் கச்சேரியை வைத்தன. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடிக்கும்வரைதான் தோதான நேரம். பள்ளிக்கூட விடுமுறை. என்னை ஒழுங்கை முகப்பில் காவலுக்கு இருத்தினார்கள்.

முதல் எதிரி, பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்து விற்கும் ஓட்டோ. அதன் மேலிருந்த ஒலிபெருக்கிக் குழாய் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப அலறும். நான் கையை விரித்து மறித்தேன். பாட்டை நிறுத்தினால் பாண் வந்தது சனத்துக்கு எப்படித் தெரியும் என்று பாண்காரர் நியாயம் கேட்டார். நான் வீடு வீடாகப் போய்க் காதுக்குள் சொல்வதாக ஒப்பந்தமாயிற்று. அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கைப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, விரலைக் காட்டிப் பாண் வாங்கினார்கள். அவர்களுக்கு இது பெரிய பகிடி. மாதாவின் திருநாளுக்குக்கூட ஒழுங்கை இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

இரண்டாவது எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தார். அப்பா இரவு முழுக்கக் கடலில் நின்று, காலையில் மீனைச் சந்தையில் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்டு நித்திரைக்குப் போவார். நித்திரை என்றால் குறட்டை. செவ்வாய்க்கிழமை சித்தப்பா பதிவைப் போட்டுக் குமிழை அப்பாவின் காதில் மாட்டினார். அப்பா கவனமாகக் கேட்டார்.

"ஆருடைய எஞ்சின் உது? பிளக்கைக் கழட்டித் துடைக்கச் சொல்லு."

"அது உங்கடை குறட்டை, அண்ணை."

தான் பிறந்த நாளிலிருந்து குறட்டை விட்டதே இல்லை என்று அப்பா அறுத்துறுத்துச் சொன்னார். அம்மா குசினிக்குள் போய் நின்று சிரித்தார்.

இருந்தும் அப்பா புரண்டு படுக்கும்போது சில நிமிடங்கள் குறட்டை நிற்கும். அந்த இடைவெளிகளில் புதன்கிழமைக்குள் ஏழு மெட்டுகள் பதிவாயின. எட்டாவதுதான் மாட்டிக்கொண்டது. ஒன்பது நிமிட மெட்டு அது. நடுநடுவே சித்தப்பா கையை எடுத்துவிட்டு, கம்பியின் ஓசை தானாக அடங்கும்வரை காத்திருப்பார். அந்த அமைதியில்தான் மெட்டின் உயிர் இருக்கிறது என்பார். அந்த அமைதிக்குள் அப்பா வந்து நிற்பார்.

வியாழக்கிழமை அம்மா கதிரையைப் போட்டு அப்பாவின் பக்கத்திலேயே இருந்து, சத்தம் வரத் தொடங்கும்போதெல்லாம் தோளைப் பிடித்துத் திருப்பினார். ஏழு நிமிடம் சுத்தமாகப் போனது. எட்டாவது நிமிடம் ஒழுங்கை முகப்பில் ஒப்பாரி கேட்டது. அடுத்த தெருவில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, தலைவிரி கோலமாக ஓடிவந்தார். பாண்காரர் அங்கே போய், எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வாய் திறக்கிறார்கள் இல்லை, பெண்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டால் யாருக்கும் செத்த வீடு என்றுதான் தோன்றும். "என்ரை தம்பி, என்னை விட்டிட்டுப் போட்டியே" என்று அத்தை என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எந்தத் தம்பி என்று அவருக்கே தெரியாது. இரண்டு தம்பிமாரும் வாசலுக்கு வந்து உயிரோடு நின்றதும், அந்த ஆத்திரத்தில் இருவரையும் ஏசினார்.

சித்தப்பா அன்றுதான் முதல்முறை சிரிக்கவில்லை. கிற்றாரை உறைக்குள் வைத்தார். நாளைக்கு ஒருநாள்தான் இருக்கிறது, சரிவராது போலிருக்கிறது என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. காவல்காரி நான்தானே. பின்னேரம் கடலுக்கு வெளிக்கிட்ட அப்பா, மைக் எப்போது போகிறது என்று அம்மாவிடம் ஒரு சொல்லில் கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நான் எட்டு மணிக்கே முகப்பில் இருந்த கவிழ்த்த தோணியில் ஏறி உட்கார்ந்தேன். பாண்காரர் குற்ற உணர்ச்சியில் ஓட்டோவைப் பெருந்தெருவிலேயே விட்டுவிட்டுப் பாணைக் கூடையில் கொண்டுவந்தார். ஒன்பதரைக்கு அப்பா வந்தார். மோட்டார் சைக்கிளில் ஏறி வரவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் வெறும் மீன் பெட்டி கட்டியிருந்தது. சேர்ட் வியர்வையில் ஊறியிருந்தது. இரவு முழுக்க வலை இழுத்த மனிதர் சந்தையிலிருந்து இப்படித் தள்ளிக்கொண்டா வந்தார் என்று எனக்கு ஐயோ என்றிருந்தது.

"பழுதோ அப்பா?"

"ஓம் பிள்ளை. பழுது."

வீட்டுக்குப் போய்ப் படுக்கும்படி சொன்னேன். உள்ளே புழுக்கம் என்று சொல்லி, என் பக்கத்தில் தோணியில் உட்கார்ந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. தலை விழும், விழுந்த கையோடு திடுக்கிட்டு நிமிர்வார். ஒருமுறை எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம் தாங்காத புளுகம். அப்பா என்னோடு இவ்வளவு நேரம் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

பதினொன்றரைக்குச் சித்தப்பா வாசலுக்கு வந்து இரண்டு கையையும் உயர்த்தினார். நான் கத்தினேன். மதில்களுக்கு மேலால் பெண்கள் கை தட்டினார்கள். பாண்காரர் ஓடிப்போய்த் தன் ஓட்டோவின் மெட்டை உச்சத்தில் போட்டுவிட்டார். ஒரு கிழமை அடக்கிவைத்த சத்தம் எல்லாம் ஒழுங்கைக்குள் ஒன்றாய்த் திரும்பி வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான இரைச்சலை நான் பிறகு கேட்டதில்லை. அப்பா மட்டும் "முடிஞ்சுதோ" என்றார். உள்ளே போய் விழுந்து, வீடு அதிரக் குறட்டை விட்டார்.

அப்பாவின் மோட்டார் சைக்கிள் பழுதாம், பாவம் தள்ளிக்கொண்டு வந்தார் என்று நான்தான் சித்தப்பாவுக்குச் சொன்னேன். சித்தப்பா மைக்கைப் பெட்டியில் வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு போய், அப்பா படுத்திருந்த அறையில் ஃபானைப் போட்டுவிட்டு வந்தார்.

பின்னேரம் அப்பா கடலுக்கு வெளிக்கிட்டபோது மோட்டார் சைக்கிள் முதல் உதையிலேயே இயங்கத் தொடங்கியது. நித்திரையால் எழும்பிய கையோடு ஒருவருக்கும் தெரியாமல் அப்பா அதைத் திருத்திவிட்டார் என்று நினைத்து நான் வாயைப் பிளந்தேன். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனதும், சித்தப்பாவின் இறுவட்டைப் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் அப்பாவுக்கு எஞ்சின் வேலையும் தெரியும் என்றுதான் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.